இருபத்தேழு பேரேடும் ஒரு பூட்டும்

ஐரோப்பாவின் கம்பெனிப் பதிவேடுகள் இப்போதெல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. 2017 ஜூன் 8 முதல் இந்தப் பேச்சு நடக்கிறது. அதற்கு முன்பு ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தன. ஜெர்மனியில் பதிவேடு கோர்ட்டில், இத்தாலியில் வர்த்தக சபையில், பிரான்சில் வணிக நீதிமன்றத்தின் எழுத்தர் அலுவலகத்தில். ஒரு நாட்டில் திவாலாகி இழுத்து மூடிய கம்பெனியின் கிளை, பக்கத்து நாட்டில் பல்லை இளித்துக்கொண்டு கடன் வாங்கிக்கொண்டிருக்கும். கேட்க நாதியில்லை.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று தாய்க் கம்பெனி திவாலானால் கிளை இருக்கும் நாட்டுப் பதிவேட்டுக்குச் செய்தி பறக்கிறது. எல்லை தாண்டி இரண்டு கம்பெனிகள் இணைந்தாலும் செய்தி பறக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஐரோப்பா முழுவதும் செல்லுபடியாகும் அடையாள எண் ஒன்று உண்டு. முதலில் நாட்டின் குறியீடு, அடுத்து பதிவேட்டின் குறியீடு, ஒரு புள்ளி, அப்புறம் உள்ளூர் எண். இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் தேடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் இதில் உண்டு. ஐஸ்லாந்து, நார்வே, லீக்டன்ஸ்டைனும் உடன் சேர்ந்துகொண்டன. ஏற்பாட்டுக்குப் பெயர் பிரிஸ்.

பாராட்டத்தான் வேண்டும். 2009 நவம்பரில் பிரஸ்ஸல்ஸ் இதற்காக ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. 2012-ல் சட்டம். 2015-ல் தொழில்நுட்ப விதிகள். 2017-ல் கம்பியில் மின்சாரம். கம்பெனியின் பெயர், சட்ட வடிவம், விலாசம், எண் ஆகிய நான்கு சங்கதிகளைக் காசு வாங்காமல் அடுத்த நாட்டுக்காரனுக்குக் காட்ட எட்டு வருஷம். அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்தார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்தக் கம்பியின் இந்த முனையில் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஐயா, இந்தக் கம்பெனி யாருடையது?" வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த முப்பது நாட்டுப் பேரேடுகளும் சட்டென்று ஊமையாகிவிடும்.

இந்தக் கூத்து எங்கே தொடங்கியது என்று பார்த்தால் ஒரு டேனிஷ் தம்பதியிடம் போய் நிற்கும். டென்மார்க்கில் ஒரு தனியார் கம்பெனி தொடங்க அன்று 2 லட்சம் குரோனர் மூலதனம் காட்ட வேண்டும். பிரிட்டனில் அப்படி எந்தத் தொந்தரவும் இல்லை. தம்பதி பிரிட்டனில் சென்ட்ரோஸ் என்று ஒரு கம்பெனி பதிந்தார்கள். மூலதனம் 100 பவுண்டு. அந்த நூறையும் கட்டவில்லை. விலாசம் ஒரு நண்பரின் வீடு. பிரிட்டனில் ஒரு ஊசிகூட விற்றதில்லை. பிறகு டென்மார்க்குக்குத் திரும்பிவந்து, "இது வெளிநாட்டுக் கம்பெனியின் கிளை, பதிந்துகொள்" என்றார்கள். டேனிஷ் அதிகாரி பதிய மறுத்தார். அவருக்கு மூளை இருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 1999 மார்ச் 9-ல் தீர்ப்புச் சொன்னது: பதியத்தான் வேண்டும், நிறுவனம் தொடங்கும் சுதந்திரம் என்றால் இதுதான். இளகிய விதி எங்கே இருக்கிறதோ அங்கே பிறப்புச் சான்றிதழ், வியாபாரம் வேறு எங்கோ என்ற முறை அன்றைக்குச் சட்டத்தின் ஆசீர்வாதத்தோடு கொடிகட்டிப் பறக்க ஆரம்பித்தது. கதவைக் கழற்றி வீசிவிட்டு, பத்து வருஷம் கழித்து, வந்துபோகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ள ஒரு நோட்டு வாங்கலாமா என்று கமிட்டி போட்டார்கள். அந்த நோட்டுதான் பிரிஸ்.

நோட்டில் யார் யார் பெயர் வரும், யார் பெயர் வராது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிரிஸ் பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனிகளுக்கு மட்டும். கூட்டாண்மைகள் அதில் இல்லை. அறக்கட்டளைகள் இல்லை. டிரஸ்டுகள் இல்லை. கறுப்புப் பணத்துக்கு இவற்றில் எது பிடிக்கும் என்று உங்கள் ஊர் ஆடிட்டரைக் கேளுங்கள், சிரிப்பார்.

டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளையை எடுத்துக்கொள்ளுங்கள். 2007-க்கும் 2015-க்கும் இடையில் அந்தச் சின்னக் கிளை வழியாகச் சுமார் 20,000 கோடி யூரோ ஓடியது. அதில் கணிசமான பகுதி சந்தேகத்துக்குரிய பணம் என்று வங்கியே பின்னால் ஒப்புக்கொண்டது. ரஷ்யாவிலிருந்தும் பழைய சோவியத் நாடுகளிலிருந்தும் கிளம்பிய அந்தப் பணத்துக்குச் சட்டை மாட்டிவிட்டவற்றில் முக்கியமானவை பிரிட்டனில் பதிவான கூட்டாண்மைகள். அந்த வங்கியில் வேலை பார்த்த ஹாவர்ட் வில்கின்சன் என்பவர் எஸ்டோனியத் தலைநகர் தாலினில் உட்கார்ந்தபடியே அப்படிப்பட்ட ஒரு கூட்டாண்மையின் கணக்கை பிரிட்டனின் பதிவேட்டில் எடுத்துப் பார்த்தார். "செயல்படாத நிறுவனம்" என்று அங்கே எழுதியிருந்தது. அவர் வங்கியிலோ அதே நிறுவனத்தின் கணக்கில் பணம் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. 2013 டிசம்பரில் கோபன்ஹேகன் தலைமையகத்துக்கு எழுதினார். தெரிந்தே குற்றவாளிகளோடு தொழில் செய்கிறோம் என்று அந்த மின்னஞ்சலின் தலைப்பிலேயே போட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2013-ல் பிரிஸ் கிடையாது. அடையாள எண் கிடையாது. இருபது மொழிப் பொத்தான் கிடையாது. ஒரு மனிதர், ஒரு கணினி, ஒரு சந்தேகம், அவ்வளவுதான் இருந்தது. அது போதுமானதாக இருந்தது. எல்லை தாண்டித் தகவல் வரவில்லை என்பதால் அந்தக் கொள்ளை நடக்கவில்லை. வந்த தகவலைப் பெரிய நாற்காலிகளில் இருந்தவர்கள் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டதால் நடந்தது. 2022 டிசம்பரில் வங்கி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 200 கோடி டாலர் கட்ட இணங்கியது. கொள்ளை நடந்தது ஐரோப்பாவில், பிடித்து உலுக்கியது அமெரிக்கா. ஐரோப்பா அதற்குள் பேரேடுகளை இணைத்து முடித்திருந்தது என்பது ஆறுதல்.

மால்டோவாவின் கதை இன்னும் கேவலம். ஐரோப்பாவின் மிக ஏழை நாடுகளில் ஒன்று அது. 2014-ல் அதன் மூன்று வங்கிகளிலிருந்து 100 கோடி டாலர் காணாமல் போனது. நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. தடத்தைப் பிடித்துக்கொண்டே போன புலனாய்வு வந்து நின்ற இடங்களில் ஒன்று எடின்பரோவில் ராய்ஸ்டன் மெய்ன்ஸ் தெரு என்ற சாதாரணத் தெருவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த விலாசத்தில் ஒரு ஸ்காட்லாந்துக் கூட்டாண்மை பதிவாகியிருந்தது. கூட்டாளிகள் யார் என்று பார்த்தால் மனிதர்களே இல்லை, செஷல்ஸ் தீவில் பதிவான இரண்டு கம்பெனிகள். தலைநகர் கிஷினாவில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒரு கிழவியின் ரொட்டியிலிருந்து இன்றைக்கும் அந்தப் பணத்துக்கு வட்டி போகிறது. கடுகு போன இடத்தை ஆராய்ந்து பூசணிக்காய் போன இடத்தை விட்ட கதை என்று நம் ஊரில் சொல்வோம். இங்கே கடுகுக்கு முப்பது நாட்டில் செல்லும் அடையாள எண் கொடுத்திருக்கிறார்கள்.

பிரிட்டன் 2020 முடியும் வரை இந்த இணைப்பில் ஓர் உறுப்பு. அதன் பதிவேடு உலகத்துக்கே முன்மாதிரி என்று பெயர். திறந்த பதிவேடு, இலவசம், யாரும் பார்க்கலாம். பார்த்தவர்கள் மிரண்டு போனார்கள். 2018-ல் குளோபல் விட்னஸ் என்ற அமைப்பு அந்தத் தரவைச் சலித்துப் பார்த்தபோது, கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் உரிமையாளர்களாக எழுதப்பட்டவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோர் இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள். ஒருவர் இன்னும் பிறக்கவே இல்லை. கருவில் திருவுடையார் என்று நாம் சும்மா சொல்லிவைத்தது. அவர்கள் அரசாங்கப் பதிவேட்டிலேயே ஏற்றிவிட்டார்கள். இன்னொரு கம்பெனியின் டைரக்டர் பெயர் இத்தாலிய மொழியில் "கோழித்திருடன்". தொழில் என்ற கட்டத்தில் "மோசடிக்காரர்". விலாசம் "நாற்பது திருடர் தெரு", ஊர் அலிபாபா. யாரோ ஒரு கெட்டிக்காரப் பயல் வேண்டுமென்றே எழுதிக் கொடுத்தான். பதிவேடு அதை மரியாதையாக வாங்கி, எண் போட்டு, அடுக்கி வைத்தது. கொடுத்ததை எழுதிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. கேள்வி கேட்கும் அதிகாரத்தை 2023-ல் ஒரு சட்டம் போட்டுத்தான் கொடுத்தார்கள், 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

யாருமே தண்டிக்கப்படவில்லையா என்று கேட்டுவிடாதீர்கள். ஒருவர் தண்டிக்கப்பட்டார். பதிவேட்டில் எந்தப் பொய்யையும் எழுதலாம் என்று நிரூபித்துக் காட்டுவதற்காக ஒரு தொழிலதிபர் 2013-ல் அன்றைய வர்த்தக அமைச்சரின் பெயரிலேயே ஒரு கம்பெனி பதிந்தார். பதிந்த கையோடு, இதோ பாருங்கள் ஓட்டை என்று அமைச்சருக்கே எழுதினார். 2016-ல் இன்னொரு அமைச்சரின் பெயரை வைத்து மறுபடியும் செய்து காட்டினார். 2018-ல் அவர் மீது வழக்கு. கம்பெனித் தகவலில் பொய் சொன்னதற்காக பிரிட்டனில் கிடைத்த முதல் தண்டனை என்று அரசு மார் தட்டி அறிக்கை விட்டது. அபராதமும் செலவுமாக 12,000 பவுண்டுக்கு மேல். அன்றைக்குக் கம்பெனி பதியும் கட்டணம் 12 பவுண்டு. திருட 12, ஓட்டையைக் காட்ட 12,000. விலைப்பட்டியல் தெளிவாக இருந்தது.

இப்படிப்பட்ட பேரேடுகளைத்தான் கம்பி போட்டு இணைத்தார்கள். ஒரு நாட்டில் சொன்ன பொய் முன்பு அந்த நாட்டோடு நின்றுவிடும். இப்போது அதற்கு ஐரோப்பிய அடையாள எண் கிடைக்கிறது, முப்பது நாட்டிலும் தேடினால் அகப்படுகிறது, அதிகாரபூர்வத் தளத்தின் நீலப் பின்னணியில் கம்பீரமாகத் தெரிகிறது. பொய்க்குப் பாஸ்போர்ட் கொடுத்த முதல் கண்டம் என்று வரலாற்றில் எழுதிக்கொள்ளலாம்.

நீங்கள் உங்கள் நாட்டு மின்வாரியத்தை விழுங்கி ஏப்பம் விட்ட ஒரு மந்திரி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவுக்குப் பணத்தோடு வருகிறீர்கள். பயப்படாதீர்கள். முதலில் ஒரு நல்ல நகரத்தில், ஒரே வாசலில் நூற்றுக்கணக்கான பெயர்ப்பலகை தொங்கும் கட்டடமாகப் பார்த்து ஒரு கம்பெனி பதியுங்கள். ஒழுங்கான வக்கீலை வையுங்கள், எழுத்துப்பிழை இருக்கக் கூடாது. டைரக்டர் நாற்காலிக்கு அதே கட்டடத்தில் கூலிக்கு ஆள் கிடைக்கும். அவர் காலையில் நாற்பது கம்பெனிக்கு டைரக்டர், மாலையில் நாற்பது கம்பெனிக்கு டைரக்டர். பிரிஸ் இதையெல்லாம் கண்ணும் கருத்துமாகக் காட்டும். காட்டட்டும். பங்கு யார் கையில் என்பது அந்த இலவச விவரங்களில் கிடையாது. பங்கை இன்னொரு நாட்டுக் கம்பெனியிடம் வையுங்கள். அதன் பங்கை ஒரு அறக்கட்டளையிடம் வையுங்கள். அறக்கட்டளைக்கு மேலே ஒரு தீவு. அங்கே ஐரோப்பிய வரைபடம் முடிந்து கடல் தொடங்கிவிடும். கம்பி கடலுக்குள் போகாது. நீங்கள் மச்சினன் பெயரில் நிலம் வாங்கி, பினாமிச் சட்டத்துக்குப் பயந்து ராத்தூக்கம் கெட்டு, அந்த மச்சினனே ஏமாற்றிவிடுவானோ என்று அவன் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டு, இத்தனை சில்லறைப்பாடு எதற்கு? நாகரிகமான கண்டத்தில் மச்சினனுக்குப் பதிலாகச் சட்டபூர்வமான ஆள் உண்டு, ஆண்டுச் சந்தாவும் ரசீதும் உண்டு.

உண்மையான உரிமையாளர் யார் என்று எழுதிவைக்க ஐரோப்பாவில் தனியாக ஒரு பதிவேடே உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2016 ஏப்ரலில் பனாமா ஆவணங்கள் வெளிவந்தன. மொசாக் ஃபொன்சேகா என்ற ஒரே சட்ட நிறுவனத்தின் 1.15 கோடி ஆவணங்கள். உலகம் காறித் துப்பியது. துப்பியதன் ஈரம் காய்வதற்குள், 2018-ல் ஒன்றியம் சட்டம் போட்டது: உண்மை உரிமையாளர் பதிவேடு பொதுமக்கள் யாரும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். அவற்றையும் எல்லை தாண்டி இணைக்க ஓர் ஏற்பாடு, அதற்கு போரிஸ் என்று பெயர். லக்ஸம்பர்க்கூடத் திறந்தது. திறந்ததும் பத்திரிகையாளர்கள் உள்ளே புகுந்து மொத்தத்தையும் இறக்கிக்கொண்டு, யார் யார் பணம் எங்கே தூங்குகிறது என்று 2021 பிப்ரவரியில் லெ மோண்ட் முதலான ஏடுகளில் எழுதினார்கள். பதிவேடு என்ற ஒன்று உண்மையில் வேலை செய்த அபூர்வமான நேரம் அது.

பொறுக்குமா? 2022 நவம்பர் 22. ஐரோப்பிய நீதிமன்றத்தின் பேரமர்வு தீர்ப்பு வழங்கியது. பொதுமக்கள் எல்லோரும் பார்க்கலாம் என்பது தனிவாழ்வுக்கான உரிமையிலும் தனிப்பட்ட தரவின் பாதுகாப்பிலும் கடுமையாகத் தலையிடுகிறது, ஆகவே செல்லாது. வழக்குத் தொடுத்தவர்கள் இருவர். ஒன்று லக்ஸம்பர்க்கில் ஒரு கம்பெனி. இன்னொன்று ஒரு மனிதர். தன் பெயர் வெளியே தெரிந்தால் கடத்தல், மிரட்டல், வன்முறை ஆபத்து என்று முறையிட்டார். தீர்ப்பில் அவருக்கு இரண்டே எழுத்து, டபிள்யூ.எம். நாற்பத்தைந்து கோடிப் பேர் வாழும் ஓர் ஒன்றியத்தின் பதிவேட்டைச் சாத்திய மனிதரின் பெயர் தீர்ப்பில்கூட இல்லை. கலை நேர்த்தி என்றால் அதுதான். தீர்ப்பு வந்த அன்றே லக்ஸம்பர்க் பதிவேட்டை மூடியது. நெதர்லாந்து மூடியது. வேறு சில நாடுகளும் வரிசையில் நின்று மூடின. திறக்க வருஷக்கணக்காகக் காலம் கேட்ட அரசுகளுக்கு, மூட ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

பத்திரிகைகளுக்கும் ஊழலை எதிர்க்கும் அமைப்புகளுக்கும் பார்க்க நியாயமான அக்கறை உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை யார் அளப்பது? 2024-ல் புதுச் சட்டம் வந்தது. 2026 ஜூலை 10-க்குள் அக்கறையுள்ளவர்களுக்குக் கதவு திறக்க நாடுகள் வழி செய்ய வேண்டும். விண்ணப்பம் போட வேண்டும், நீங்கள் யார் என்று காட்ட வேண்டும், எதற்காக என்று காட்ட வேண்டும். திருடன் பெயரைப் பார்க்க வருகிறவன் அடையாளம் காட்ட வேண்டும், திருடன் காட்ட வேண்டாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜை.

தனிவாழ்வு என்று சொல்லும்போது எனக்கு ரத்தம் சூடாகிறது. கைவண்டிக்காரனிடம் விரல்ரேகை, கண்ரேகை, போன் நம்பர், எல்லாம் வேண்டும் என்று கேட்கும் இதே உலகம் பணத்துக்கு மட்டும் முக்காடு போட்டுக் கைபிடித்து அழைத்துப் போகிறது. நம் நாட்டிலும் இதே வாதத்தைத்தான் வைத்தார்கள். தேர்தல் பத்திரம் வாங்குகிறவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்றார்கள். கம்பெனிகள் லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பை 2017-ல் எடுத்தெறிந்தார்கள். லாபமே இல்லாத லெட்டர்பேட் கம்பெனிகூடத் தாராளப் பிரபுவாகலாம் என்றானது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-ல் அந்தப் பத்திரத் திட்டத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டது. மார்ச்சில் பெயர்கள் வெளிவந்தன. கோயம்புத்தூர்க்கார லாட்டரிக் கம்பெனி ஒன்று 1,368 கோடி ரூபாயோடு முதலிடத்தில் நின்றது. பெயர் தெரிந்ததால் யாரும் கடத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. கூச்சம்கூட யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

பெயர் வெளியே தெரிந்தால் யாருக்கு ஆபத்து என்று மால்டாவில் கேட்க வேண்டும். டஃப்னி கருவானா கலிசியா. அந்தச் சின்னத் தீவில் அமைச்சர்களின் பனாமா கம்பெனிகளைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்த பத்திரிகையாளர். 2017 பிப்ரவரியில் '17 பிளாக்' என்று ஒரு துபாய் கம்பெனியின் பெயரைத் தன் வலைப்பக்கத்தில் குறிப்பிட்டார். அது யாருடையது என்று எந்தப் பதிவேடும் சொல்லவில்லை. ஜூன் 8-ல் பிரஸ்ஸல்ஸில் பிரிஸ் தொடக்கம். அக்டோபர் 16-ல் பிட்னியா கிராமத்தில் வீட்டிலிருந்து புறப்பட்ட அவர் கார் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இடத்திலேயே அவர் இறந்தார். 17 பிளாக்கின் உரிமையாளர் யார் என்பது அடுத்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. எந்த நாட்டுப் பதிவேடும் சொல்லவில்லை. உயிரோடு இருந்த மற்ற பத்திரிகையாளர்கள் தோண்டியெடுத்தார்கள். கடத்தல், மிரட்டல், வன்முறை என்று நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்ட பட்டியலின் கடைசிச் சொல் ஐரோப்பிய மண்ணில் உண்மையில் நடந்தது. பெயரை மறைத்தவர்களுக்கு நடக்கவில்லை, தேடியவளுக்கு நடந்தது. லக்ஸம்பர்க்கில் கறுப்பு அங்கி போட்ட பெரியவர்கள் தராசின் ஒரு தட்டில் டபிள்யூ.எம். அவர்களின் பயத்தை வைத்தார்கள். மறு தட்டில் பிட்னியாவில் எரிந்த அந்தக் காரை வைத்துப் பார்த்தார்களா?

சரி, திருடனை விடுங்கள், நேர்மையாகத் தொழில் செய்பவனுக்காவது இந்தக் கம்பி உதவியதா? ஸ்லோவீனியாவில் ஒரு தச்சர். பட்டறை ஒன்று, ஆள் நான்கு. பத்து மைல் தள்ளி ஆஸ்திரியாவில் ஒரு கிளை போட ஆசை. அவருடைய கம்பெனியின் விவரம் பிரிஸில் இருக்கிறது. ஆஸ்திரியப் பதிவேடும் அதே பிரிஸில் இருக்கிறது. இரண்டும் பேசிக்கொள்கின்றன. ஆனாலும் அவர் கம்பெனிச் சான்றைக் காகிதத்தில் வாங்கி, முத்திரை குத்தி, நாட்டைப் பொறுத்து முத்திரைக்கு மேல் அப்போஸ்டில் என்ற வெளிநாட்டுச் சான்று முத்திரையும் குத்தி, சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து ஜெர்மனில் மாற்றி, கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டிய நிலை அங்கங்கே தொடர்ந்தது. இதைத் தீர்க்க 2024 டிசம்பரில் இன்னொரு சட்டம் நிறைவேறியது. இனி ஐரோப்பியக் கம்பெனிச் சான்று உண்டு, மின்னணு அதிகாரப் பத்திரம் உண்டு, அப்போஸ்டில் வேண்டாம், கூட்டாண்மைகளும் ஒருவழியாக நோட்டுக்குள் வரும். நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. எப்போது நடைமுறை? 2028 ஆகஸ்ட் 1. கலந்தாய்வு அறிக்கை வந்த 2009-ல் தச்சருக்கு மகன் பிறந்திருந்தால், அவன் பத்தொன்பது வயதில் அப்பாவுக்காக அந்தச் சான்றை இறக்கிக் கொடுப்பான்.

மந்திரியின் பணத்துக்கு அப்போஸ்டில் கேட்ட வங்கி எது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

ஆவணம் சரியாக இருப்பதற்கும் கம்பெனி சரியாக இருப்பதற்கும் முடிச்சுப் போடுகிற வியாதி இவர்களை விடவே இல்லை. ஜெர்மனியில் கம்பெனி தொடங்கினால் நோட்டரி முழுப் பத்திரத்தையும் கட்சிக்காரர்கள் முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சட்டம் அப்படி. பக்கம் பக்கமாக, மூச்சு விடாமல், ரயில்வே அறிவிப்பு போல அவர் படிப்பார். எதிரே இருப்பவர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2022 ஆகஸ்ட் முதல் வீடியோவிலும் படிக்கலாம். அவ்வளவு பவித்திரமான நாட்டில்தான் வயர்கார்ட் என்ற கம்பெனி இருந்தது. மியூனிக் பக்கத்து அஷ்ஹைமில் தலைமையகம், பங்குச்சந்தையின் முதல் முப்பதில் ஒன்று, பதிவேட்டில் ஒரு அச்சுப்பிழை கிடையாது. 2020 ஜூனில் 190 கோடி யூரோ இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றானது. எப்போதுமே இருந்திருக்காது என்று கம்பெனியே சொன்னது. நோட்டரி எல்லாவற்றையும் சத்தமாகத்தான் படித்திருப்பார்.

கோபத்துக்குக் காரணம் தொழில்நுட்பம் தோற்றதல்ல. அது தோற்கவில்லை. கம்பி நன்றாகத்தான் வேலை செய்கிறது. எதை இணைத்தால் யாருக்கும் வலிக்காதோ அதைக் கவனமாகத் தேடி எடுத்து இணைத்தார்கள். வலிக்கிற இடத்தில் பூட்டுப் போட்டு, அந்தப் பூட்டுக்குத் தனிவாழ்வு என்று பெயர் வைத்தார்கள்.

பூட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஐரோப்பிய விதிப்படி ஒரு கம்பெனியில் 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்தான் உண்மை உரிமையாளர். ஆகவே நான்கு நண்பர்கள் ஆளுக்குச் சரியாக 25 சதவீதம் வைத்துக்கொண்டால் அந்தக் கம்பெனிக்குச் சொந்தக்காரர் என்று யாருமே இல்லை. வேறு வழியில் கட்டுப்படுத்தினால் அதுவும் கணக்கு என்று ஒரு பிரிவு இருக்கிறது, அதை நிரூபிக்கும் பாக்கியம் நிரூபிக்க வருகிறவனுக்கு. யாரும் அகப்படாவிட்டால் மேனேஜர் பெயரை எழுதிக்கொள்ளலாம். பல ஆண்டு ஆலோசனை, அமைச்சர்கள் கூட்டம், நாடாளுமன்ற வாக்கெடுப்பு எல்லாம் முடிந்து 2024-ல் இந்த ஓட்டையை அடைத்தார்கள். 2027 ஜூலை 10 முதல் "25 சதவீதத்துக்கு மேல்" என்பது "25 சதவீதம் அல்லது அதற்கு மேல்" என்று மாறுகிறது. நான்கு பேர் இனி மாட்டிக்கொள்வார்கள். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஆளுக்கு இருபது இருபதாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.